ஒற்றைச் சாக்ஸ் பெட்டியும் நூறு பிடுங்கல்களும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஒற்றைச் சாக்ஸ் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

'சிறிய' என்பதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை அப்படியே விடுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு அறை. இடம் போதாததால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறோம். எது வேண்டாம் என்று தோன்றுகிறதோ அதை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். இரவு சாப்பிட்ட பிறகு அண்ணனும் அண்ணியும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் காலை அந்தப் பொருள் வெளியே போகும். இன்று காலை அண்ணி 'ஒற்றைச் சாக்ஸ் பெட்டி' என்று எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஜோடி தொலைந்த சாக்ஸெல்லாம் மூன்று வருடமாக அதில்தான் சேர்ந்துகொண்டிருந்தன. மொத்தம் பத்தொன்பது. எண்ணியிருக்கிறேன்.

எனக்குக் கை சும்மா இருக்காது. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கிறவள் நான். வேண்டாம் என்று ஆகிவிட்ட பொருள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கடைக்குப் போகும்போதே பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டேன். எட்டே காலுக்குக் குப்பை வண்டி வந்து போய்விட்டது.

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் வாஷிங் மெஷினில் ஏதோ சத்தம் என்று அதை முன்னால் இழுத்தான். பின்னால் ஏழு சாக்ஸ் பஞ்சு பிடித்துக் கிடந்தன.

“இங்க பாரு, என் பச்சைக் கோடு! ரெண்டு வருஷமா இதைத்தான் தேடுறேன். இதோட ஜோடி பெட்டியில இருக்கு, எடு எடு!” என்று அண்ணன் கத்தினான்.

அண்ணி பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“போட்டுட்டியா?”

“நீங்கதானே அண்ணி எழுதினீங்க.”

“எழுதி மை காயலையேடி! ஏங்க, உங்க தங்கச்சி முன்னாடி இனிமே சளி பிடிச்சா மூக்கைக் குறை சொல்லாதீங்க. தூக்கிப் போட்டுட்டு வந்துடுவா.”

சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அண்ணன் ஏழு சாக்ஸையும் வரிசையாக நாற்காலி முதுகில் போட்டான், உறவுக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவன் மாதிரி.

அதோடு போயிருந்தால் இந்தப் பக்கம் இங்கேயே முடிந்திருக்கும். மாலையில் நான் போகும் கணினி வகுப்பில் பெரிய அடி காத்திருந்தது.

வகுப்பில் நாங்கள் இரண்டிரண்டு பேராக ஒரு சின்ன ஃபைல் சிஸ்டம் எழுதியிருக்கிறோம். டிஸ்க்கில் எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடம் காலி என்று நினைவு வைத்துக்கொள்ளும் நிரல் அது. மின்சாரம் எந்த நொடியில் போனாலும் அது குழம்பக் கூடாது. அதற்காக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. எதை மாற்றப் போகிறதோ அதை முதலில் குறிப்பேட்டில் எழுதி, எழுதி முடித்ததும் ஒரு முத்திரை வைக்கும். மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டைப் புரட்டும். முத்திரை இருந்தால் அந்த வேலையை முடித்து வைக்கும். இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பழையபடி இருந்துவிடும். தினமும் எழுதுகிற எனக்கு இந்த ஏற்பாடு முதல் நாளே பிடித்துப் போயிற்று. வகுப்பில் என் பட்டப்பெயரே டைரிதான்.

என் கூட்டாளி லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். வயது நாற்பத்தைந்து, இடது முழங்கால் சரியாக மடங்காது. இனி குழிக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இந்த வகுப்பின் சான்றிதழோடு வெள்ளிக்கிழமைக்குள் போனால் நாற்காலி அவருக்கு. போகாவிட்டால் வேறு ஆளுக்கு.

சான்றிதழுக்கு ஒரே சோதனை, அதற்குப் பெயர் நூறு பிடுங்கல். நிரல் மும்முரமாக ஃபைல்களை எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கும்போது இன்னொரு மாணவர் பிளக்கைப் பிடுங்குவார். திரும்பச் சொருகினால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். இப்படி நூறு முறை. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்ப்பு. எங்களுக்குப் பிடுங்க வந்தவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் பிடுங்கினால் யாருடைய நிரலும் தப்பாது என்பதால் அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

“கைராசி, கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா. பிள்ளை குட்டிக்காரன் நான்” என்றார் லிஃப்ட்காரர்.

“நான் என்ன அண்ணே பண்றேன்? பிளக்குதான் என் கைக்கு வருது.”

இருபத்திரண்டு வரை தப்பித்தோம். இருபத்து மூன்றாவது பிடுங்கலில் விழுந்தோம். சோதனைக்காக லிஃப்ட்காரர் தன் பழைய புகார்க் குறிப்புகளை ஐம்பது ஃபைல்களாகப் போட்டு வைத்திருந்தார். 'ஐந்தாவது மாடியில் லிஃப்ட் பாடுகிறது' என்பது மாதிரி. அதில் ஒன்றை நிரல் அழித்துக்கொண்டிருந்த கணத்தில் கைராசி பிடுங்கிவிட்டாள். முத்திரை விழவில்லை, எனவே அந்த ஃபைல் பழையபடி இருக்க வேண்டும். இருந்தது. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. திறந்தால் உள்ளே முழுக்கப் பூஜ்யம்.

லிஃப்ட்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “லிஃப்ட் வந்துச்சு, மணி அடிச்சுச்சு, கதவு திறந்துச்சு. உள்ள தரையைக் காணோம்” என்றார்.

வகுப்பே சிரித்தது. எங்கள் ஆசிரியை மிஸ் கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்த வாய்ப்பு வியாழக்கிழமை, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே இன்னொன்றை எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, லிஃப்ட்காரரிடம் சொல்லாமல், நிரலில் நான் ஒரு வரி சேர்த்தேன். ஒரு ஃபைலை அழித்தால் அதன் இடம் காலி என்று நம் நிரலுக்குத்தான் தெரியும், டிஸ்க்குக்குத் தெரியாது. அது பழைய குப்பையைப் பத்திரமாகச் சுமந்துகொண்டே நாளாக ஆக மந்தமாகிவிடும். ஆகவே 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். டிஸ்கார்டு என்பார்கள். செய்தி போனால் டிஸ்க் அந்த இடத்தை வழித்துத் துடைத்துவிடும். அந்த வரியைத்தான் சேர்த்தேன். பூஜ்யத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ? எங்கே என்று தெரியவில்லை. தெரியாமல் அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு மையில் அண்ணியின் புது வரி. துடைப்பம் என்பது நான்தான்.

'துடைப்பத்தின் கவனத்துக்கு: எழுதுவது ஆசை. கையெழுத்துதான் முடிவு. கையெழுத்து விழும் வரை எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. மனசு மாறினால் பொருள் வீட்டில் இருக்க வேண்டும்.'

பல் துலக்கிக்கொண்டே படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. மனசு மாறினால். முத்திரைக்கு முன்னால் பிளக் போவது என்றால் நிரலுக்கு மனசு மாறிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஃபைல் வேண்டும் என்று அது திரும்பி வருகிறது. அதற்குள் நான் டிஸ்க்கிடம் ஓடிப்போய் 'வேண்டாமாம், துடைச்சிடு' என்று சொல்லிவிட்டிருக்கிறேன். குறிப்பேட்டில் எழுதிய கையோடு, மை காயாமல்!

“அண்ணி!” என்று கத்தினேன். நுரை ஃபிரிட்ஜ் வரை தெறித்தது.

“என்னடி, பல்லையும் தூக்கிப் போட்டுட்டியா?”

அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அண்ணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். ஒரு காலில் பச்சைக் கோடு, மறு காலில் சாம்பல் நிறம். அந்தக் கோலத்திலேயே ஆபீஸ் போகிறானாம். எங்கள் இருவருக்கும் கண்ணாடி முன்னால் நின்று பிரசங்கம் வேறு: “நல்லாப் பாத்துக்குங்க. இது உங்க கைங்கர்யம்.”

தனக்கு இன்று எங்கள் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை என்று லிஃப்ட்காரர் நேற்றே சொல்லியிருந்தார். மதிய இடைவேளையில் ஓடினேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. கீழே இருட்டுக்குள்ளிருந்து ஸ்பானர் சத்தமும், முழங்காலை வைகிற சத்தமும் மாறி மாறி வந்தன.

“அண்ணே! தப்பு என் மேலதான் அண்ணே!”

“எந்தத் தப்பு? எனக்கு இங்க நிறைய இருக்கு.”

குழிக்குள் குனிந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வரி, சொல்லாமல் சேர்த்தது, சாக்ஸ், சிவப்பு மை. என் குரல் மூன்று மாடிக்கும் எதிரொலித்தது. சாக்ஸ், சாக்ஸ், சாக்ஸ் என்று கீழே போயிற்று. இரண்டாவது மாடியில் யாரோ நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வேறு கூட்டாளி பார்த்துக்கொள்கிறேன் என்பார் என்று நினைத்தேன்.

“ஏன் தங்கச்சி, லிஃப்ட் பெட்டி வந்து நின்னுடுச்சுன்னு தகவல் வந்த பிறகுதானே கதவோட கொக்கி விடணும்?” என்றது இருட்டு.

“ஆமாண்ணே.”

“நீ பெட்டி கிளம்பினதுமே விட்டுட்ட.”

“ஆமாண்ணே.”

“இதை நேத்தே சொல்லியிருந்தா ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பேன். பொண்டாட்டி நடுவுல எழுப்பி, ஏங்க கூரையவே பாக்குறீங்கன்னு கேட்டா. பூஜ்யம் தெரியுதுன்னேன். பயந்துட்டா.” பிறகு குழிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது. “சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துடு. உன் வரி நல்ல வரிதான். இடம் மாறிக் குந்தியிருக்கு, அவ்வளவுதான்.”

ஐந்தரைக்கு வகுப்பில் உட்கார்ந்தோம். அழித்த ஃபைல்களின் இடங்களை ஒரு காத்திருப்புப் பட்டியலில் வைத்தோம். குறிப்பேட்டின் முத்திரை டிஸ்க்கில் விழுந்தது உறுதியான பிறகே 'வேண்டாம்' செய்தி போகும். கைராசியை ஒத்திகைக்குக் கூப்பிட்டோம். முப்பது முறை பிடுங்கினாள். ஒன்றுகூட விழவில்லை.

“என் கைக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பட்டியலில் 'பழைய ஷூ பெட்டி, காலி' என்று இருந்தது. அண்ணன் எழுதியது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அதன் பக்கமே போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லாம் முறைப்படி.

மார்ச் 6, வியாழன்

முறைப்படி நடந்ததால்தான் இன்று காலை வீடு ரகளையானது.

ஆறே முக்காலுக்கு அண்ணன் கையெழுத்தைச் சரிபார்த்து ஷூ பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டான். எட்டரைக்கு, குப்பை வண்டியும் போன பிறகு, அண்ணி கேட்டாள்: “ஏங்க, மிச்ச ஆறு சாக்ஸ் எங்க? துவைச்சுக் காயவச்சு ராத்திரி அந்த ஷூ பெட்டியிலதானே வச்சேன்.”

“எந்த ஷூ பெட்டி?”

“அதான், காலியா இருந்துச்சே.”

“காலியா இருக்குன்னுதான் போட்டேன்!”

“காலியா இருக்குன்னுதான் வச்சேன்!”

“கையெழுத்து போட்ட பெட்டிக்குள்ள யாராவது வைப்பாங்களா?”

“கையெழுத்து போட்டாச்சுன்னா அது காலி இடம். காலி இடத்துல வைக்காம தலையில வச்சுக்கவா?”

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக நான் எதையும் தூக்கிப் போடவில்லை. அந்தப் பெருமையில் ஒரு விக்கல் வந்தது. விக்கலுக்குப் பின்னால் சிரிப்பு வந்தது. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தோம். அண்ணன் ஒரு காலில் பச்சைக் கோட்டோடு நின்றான். நேற்றுப் போட்டதைக் கழற்றாமல் தூங்கியிருக்கிறான். வீட்டில் மிஞ்சிய ஒரே பச்சைக் கோடு அதுதான்.

சிரிப்பு நடுவில் அறுந்தது. எங்கள் நிரலும் இதையேதானே செய்யும்!

முத்திரை விழுந்ததும் இடம் காலி. காலியென்றால் அடுத்த புது ஃபைலை அங்கே வைக்கலாம் என்று நிரல் கொடுத்துவிடும். ஆனால் 'வேண்டாம்' செய்தி இன்னும் காத்திருப்புப் பட்டியலில்தான் நிற்கிறது. அது பின்னால் போய்ச் சேரும்போது டிஸ்க் துடைப்பது புது ஃபைலை. துவைத்துக் காயவைத்த சாக்ஸை. நேற்று ஏன் விழவில்லை? டிஸ்க் பெரும்பாலும் காலியாக இருந்தது, நிரல் தொடாத இடத்தையே தேடிப் போயிற்று. மிஸ் முக்கால்வாசி நிரப்பி வைத்துத்தான் சோதிப்பார்.

இந்தத் தடவை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடவில்லை. போன் போட்டேன்.

“அண்ணே, ஷூ பெட்டி!”

“வணக்கம்னு ஒரு வார்த்தை உண்டு, தங்கச்சி.”

சொன்னேன். அந்தப் பக்கம் ஸ்பானர் கீழே விழுந்தது.

“நடுவுல யாரும் ஏறக் கூடாது” என்றார். “ஆள் இறங்கியாச்சு, ஆனா உள்ள வேலை முடியல. அதுவரைக்கும் வாசல்ல சங்கிலி போடணும்.”

ஆறரைக்குச் சோதனை. ஐந்து ஐம்பதுக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார், படி இருந்த பக்கமெல்லாம் திட்டிக்கொண்டே. நாற்பது நிமிடத்தில் எழுதினோம். முத்திரை விழுந்த இடம் நேராகக் காலிப் பட்டியலுக்குப் போகாது. டிஸ்க் 'துடைத்துவிட்டேன்' என்று பதில் சொல்லும் வரை சங்கிலிக்குப் பின்னால் இருக்கும். பதில் வந்த பிறகுதான் வேறு ஃபைலுக்குக் கிடைக்கும். நான் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்கப் போனபோது அவர் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

“சந்தேகத்துக்கும் ஒரு சங்கிலி போடு.”

கைராசி தொடங்கினாள். இருபத்து மூன்று தாண்டியது. அறுபது தாண்டியது. வேறு ஜோடிகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். எழுபதிலிருந்து எல்லோரும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். எண்பத்து எட்டில் கைராசி திடீரென்று, தும்மிக்கொண்டே பிடுங்கினாள். திரை வந்தது. அழிந்துகொண்டிருந்த ஒரு ஃபைல் திரும்பி வந்திருந்தது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீயே திற. எனக்குத் தைரியம் இல்லை.”

திறந்தேன். வாசித்தேன்: “ஐந்தாவது மாடியில் லிஃப்ட் பாடுகிறது. எண்ணெய் விட்ட பிறகும் பாடுகிறது. குடியிருப்போர் பழகிவிட்டதால் விட்டுவிடச் சொல்கிறார்கள்.”

“தரை இருக்கு!” என்று அவர் கத்திய கத்தலில் அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

நூறாவது பிடுங்கலுக்குப் பிறகு கைராசி பிளக்கை மேசை மேல் வைத்துக் கும்பிட்டாள். மிஸ் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“முத்திரை விழுந்தாச்சு. 'வேண்டாம்' செய்தி போறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. காத்திருப்புப் பட்டியல் நினைவுல மட்டும்தானே இருந்துச்சு? அதுவும் போயிடுச்சு. அந்த இடத்தைப் பத்தி டிஸ்க்குக்கு யார் சொல்றது?”

யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார்.

“யாரும் சொல்ல மாட்டாங்க, மிஸ்” என்றேன். “ஆனா எந்த ஃபைலுக்கும் கெடுதல் இல்லை. இடம் காலியாத்தான் இருக்கும், குப்பை மட்டும் கொஞ்ச நாள் கிடக்கும். வாரத்துக்கு ஒரு தடவை காலி இடம் எல்லாத்தையும் ஒரு முனையிலேர்ந்து பார்த்து, மொத்தமாச் சொல்லிடணும்.”

“எழுதியாச்சா?”

“இல்லை, மிஸ்.”

“குப்பை கிடக்கறது உனக்குப் பரவாயில்லையா?”

“முதுகுல ஊருது மிஸ். ஆனா பொறுத்துக்குவேன்.”

அப்போதுதான் சிரித்தார். இரண்டு சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை நான் தொடவில்லை. லிஃப்ட்காரர் வராந்தாவில் மனைவிக்குப் போன் போட்டு, “நாற்காலி! நாற்காலிடி!” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மடங்காத காலை அச்சாக வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். கைராசி கைதட்டினாள். நானும் சுற்றினேன், இரண்டு காலும் நன்றாக இருந்தும் அவரைவிட மோசமாக.

வீட்டில் ஃபிரிட்ஜ் பட்டியலில் மூன்றாவது கட்டம் போட்டேன்: எழுதியது, கையெழுத்து, வெளியே போனது. மூன்றாவது நிரம்பும் வரை எந்தப் பெட்டியிலும் யாரும் எதையும் வைக்கக் கூடாது. அண்ணி படித்துப் பார்த்து, “நாத்தனாரே, இதுக்கு நீ சான்றிதழே வாங்கிடலாம்” என்றாள். எடுத்துக் காட்டினேன். அண்ணன் அதைக் கையில் வாங்கி, பார்த்து, மேசை மேல் பத்திரமாக வைத்தான். காலிப் பெட்டி எதிலும் வைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

நாளை: காலையில் பன்னிரண்டு ஜோடி சாக்ஸ் வாங்க வேண்டும், எல்லாம் ஒரே கறுப்பு. மாலை வகுப்பில், வாரம் ஒருமுறை காலி இடங்களைப் பெருக்கும் நிரலைத் தொடங்க வேண்டும். முதல் வரி எழுதும் முன் லிஃப்ட்காரரிடம் சொல்ல வேண்டும்.